முப்பத்து நான்கு நாற்காலிகளும் ஒரு கடிகாரமும்

காலை ஐந்தே முக்காலுக்கு நான் பூட்டைத் திறக்கப் போகும்போதே படிக்கட்டில் இரண்டு மூன்று பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். மடியில் பை, கையில் தண்ணீர் பாட்டில், தலையைச் சுற்றி ஸ்கார்ஃப். கதவு திறந்ததும் ஓட்டம்தான். முன்பெல்லாம் ஜன்னலோர நாற்காலிக்கு ஓடுவார்கள். இப்போது பிளக் பாயின்ட் பக்கத்து நாற்காலிக்கு.

நான் நடத்துவது ஒரு அப்யாசிகா. மராத்தியில் அப்யாஸ் என்றால் படிப்பு. அப்யாசிகா என்றால் படிக்கிற அறை. புத்தகம் கொடுக்கிற நூலகம் இல்லை, பாடம் நடத்துகிற கோச்சிங் சென்டரும் இல்லை. மேஜை, நாற்காலி, ட்யூப் லைட், மின்விசிறி, வைஃபை, குடிதண்ணீர், அதோடு சத்தமின்மை. இவ்வளவுதான் என் சரக்கு. மாதம் 1,100 ரூபாய். முப்பத்து நான்கு நாற்காலி, எல்லாமே பெண்களுக்கு. புனேயில் சதாசிவ் பேட்டை, நாராயண் பேட்டை, நவி பேட்டை என்று எந்தச் சந்தில் நுழைந்தாலும் மாடிக்கு மாடி இப்படி ஒரு போர்டு தொங்கும். (இங்கே ‘பேட்’ என்பார்கள். நம்ம பேட்டைதான்.)

வருகிறவர்கள் பெரும்பாலும் எம்பிஎஸ்சி எழுதுகிறவர்கள். நம் டிஎன்பிஎஸ்சி மாதிரி மகாராஷ்டிரத்துக்கு அது. பீட், லாத்தூர், நாந்தேட், யவத்மால் என்று மழை பொய்க்கிற ஊர்களிலிருந்து வருவார்கள். தங்குவது ‘காட் பேஸிஸ்’; அதாவது வாடகை அறைக்கு இல்லை, கட்டிலுக்கு. ஒரே அறையில் ஐந்து கட்டில். சாப்பாடு காணாவளில், நம் மெஸ்ஸுக்கு மராத்திப் பெயர் அது. பழைய புத்தகம் வேண்டுமென்றால் அப்பா பல்வந்த் சௌக். பிள்ளைகள் சுருக்கமாக ஏபிசி என்பார்கள். சென்னை அண்ணா நகரில் ஐஏஎஸ் கோச்சிங் தெருக்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் அங்கே கோட்டூர்புரம் போனால் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்க் காசில்லாமல் படிக்கலாம். புனே பல்கலைக்கழகத்தில் ஜெயகர் நூலகம் இருக்கிறது, அந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்களுக்கு. மற்றவர்கள் நாற்காலிக்கு வாடகை கொடுக்க வேண்டியதுதான்.

எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். கல்யாணமாகி 1991இல் இங்கே வந்தேன். வீட்டுக்காரர் கட்கியில் தொழிற்சாலை வேலை. அவர் ஓய்வு பெற்ற பணத்தில் இந்த வாடாவின் மாடியை வாடகைக்கு எடுத்தோம். வாடா என்றால் நடுவில் முற்றம் விட்டுக் கட்டிய பழைய வீடு. பெண்கள் என்னைக் ‘காகூ’ என்பார்கள், சித்தி என்று அர்த்தம். புனேக்காரர்கள் சுவரில் எழுதி வைக்கிற குத்தலான அறிவிப்புகளுக்கு ‘புணேரி பாட்டி’ என்று பெயர். ஊர் ஊராகச் சிரிப்பார்கள். நானும் ஒன்று எழுதி மாட்டினேன்: “தூக்கம் வந்தால் வீட்டுக்குப் போகவும். நாற்காலிக்குக் கட்டில் வாடகை வாங்குவதில்லை.” முப்பது வருஷத்துக்கு மேல் இந்த ஊர்த் தண்ணீர் குடித்ததற்கு அதாவது வர வேண்டாமா?

வெளியூர்ப் பிள்ளைகள் புனேக்கு வந்து கஷ்டப்பட்டுப் படிப்பது நேற்று தொடங்கியதில்லை. அந்தக் காலத்தில் ஏழைப் பையன்கள் திங்களுக்கு ஒரு வீடு, செவ்வாய்க்கு ஒரு வீடு என்று முறை வைத்துச் சாப்பிட்டுப் படித்திருக்கிறார்கள். ‘வார் லாவூன் ஜேவ்ணே’ என்பார்கள். முதல்முறை கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் தாத்தா கும்பகோணத்தில் சாப்பிட்டுப் படித்த அதே வாரச் சாப்பாடு! பெயர்கூட மாறவில்லை. ஆனால் அங்கேயும் சரி, இங்கேயும் சரி, அது பெரும்பாலும் பிராமணப் பையன்களுக்குப் போட்ட இலை. மற்ற சாதிப் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் அந்த வீடுகளில் கிழமை ஒதுக்கவில்லை. என் அப்யாசிகாவிலிருந்து நடந்து போகிற தூரத்தில், புத்வார் பேட்டையில், பிடே வாடா இருந்தது. ஜோதிராவ் புலேயும் சாவித்ரிபாய் புலேயும் 1848இல் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிய வீடு. நினைவிடம் கட்டுவதற்காக அந்தப் பழைய கட்டடத்தை 2023 டிசம்பரில் இடித்தார்கள். புனே பல்கலைக்கழகத்துக்கு 2014இல் சாவித்ரிபாயின் பெயரையே வைத்தார்கள். என்னிடம் வருகிற பீட் மாவட்டப் பெண் ஒருத்தியின் அப்பா அம்மா கரும்பு வெட்டப் போகிறவர்கள். ஆறு மாதம் வெட்டுகிற ஊர், ஆறு மாதம் சொந்த ஊர். அவள் ஜனவரி 3 சாவித்ரிபாய் பிறந்த நாளன்று எல்லா மேஜையிலும் ஒரு செவ்வந்திப் பூ வைப்பாள்.

சரி, பிளக் பாயின்ட்டுக்கு வருகிறேன்.

ஐந்து வருஷத்துக்கு முன் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். போன்தான் படிப்பைக் கெடுக்கிறது என்று ஒரு பிஸ்கட் டின்னை வாசலில் வைத்து, போனை இதில் போட்டுவிட்டு உள்ளே போ என்றேன். ஒரு வாரம்கூட ஓடவில்லை. பாடக் குறிப்பு டெலிகிராமில், வகுப்பு யூடியூபில், மாதிரித் தேர்வு ஆப்பில், தேர்வு அறிவிப்பு இணையதளத்தில். போனைப் பிடுங்கினால் கரும்பலகையையே பிடுங்கிய மாதிரி. கோச்சிங்குக்கு லட்சக்கணக்கில் கட்ட முடியாத பெண்ணுக்கு அந்தக் கையளவு கண்ணாடிதான் வாத்தியார். டின்னில் இப்போது நான் உளுந்து போட்டு வைத்திருக்கிறேன்.

கெடுப்பது போன் இல்லை என்று பிறகு புரிந்தது. ஒரு பெண் அரசியல் சாசனம் பற்றிய ஒரே வீடியோவை இரட்டை வேகத்தில் மூன்று நாள் மூன்று முறை பார்த்தாள். கலர் கலராகக் கோடு போட்டுக் குறிப்பும் எழுதினாள். “நன்றாகப் புரிந்துவிட்டது காகூ” என்றாள். குறிப்பை மூடிவிட்டு, அடிப்படைக் கடமைகள் எத்தனை, நான்கைச் சொல்லு என்றேன். பதினொன்று என்று எண்ணிக்கை வந்தது. கடமை இரண்டுக்கு மேல் வரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

பார்த்தால் தெரிந்த மாதிரி இருப்பது வேறு, கேட்டால் சொல்ல வருவது வேறு. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் இதை மாணவர்களிடமே சோதித்துப் பார்த்து வெளியிட்டார்கள். ஒரு கூட்டம் ஒரு பாடப்பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு கூட்டம் படித்துவிட்டு மூடி வைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் கதை தலைகீழ். எழுதிப் பார்த்தவர்கள்தான் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கச் சொன்னதில் அடி உதையைக் கழித்துவிட்டால் மிஞ்சுகிற சங்கதி இதுதான் என்பது என் கட்சி.

அதற்குப் பிறகுதான் கடிகாரம் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு எல்லா நாற்காலிக்கும் ஒரு பழைய வினாத்தாள். எம்பிஎஸ்சி முதல்நிலையின் முதல் தாள் மாதிரியே நூறு கேள்வி, இரண்டு மணி நேரம், தவறான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் கழிவு. வட்டம் நிரப்புகிற தாளை ஜெராக்ஸ் எடுத்துத் தருவேன். கறுப்பு பால் பாயின்ட் பேனா. நடுவில் பாத்ரூம் கிடையாது. தெருவில் டோல் தாஷா மேளச் சத்தம் கேட்டாலும் ஜன்னலை மூட மாட்டேன். தேர்வு மையத்தில் யார் மூடப்போகிறார்கள்? மதிப்பெண்ணை யாரிடமும் கேட்பதில்லை.

இதனால் படிப்பு எவ்வளவு ஏறியதோ, எனக்குத் தெரியாது. பயம் இறங்கியதை மட்டும் கண்ணால் பார்த்தேன். தேர்வுக்கு முந்தின வாரம் இங்கே வந்து பாருங்கள். “டென்ஷன் ஆலய், காகூ” (டென்ஷன் வந்துவிட்டது) என்று ஒருத்தி ஆரம்பிப்பாள். அடுத்த மேஜைக்குத் தொற்றும். ஒருத்திக்கு வாந்தி, ஒருத்திக்கு வயிற்றுப்போக்கு, ஒருத்திக்கு ஐஸ் மாதிரிக் கை. இது நோயில்லை. ஆபத்து வந்தால் ஓடவோ அடிக்கவோ உடம்பு செய்துகொள்கிற ஏற்பாடு. சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற சுரப்பி அட்ரினலினை விடுகிறது; இதயம் வேகமாக அடிக்கிறது; ரத்தம் தோலையும் குடலையும் விட்டுத் தசைக்கு ஓடுகிறது. கை சில்லிடுவதும் வயிறு புரட்டுவதும் அதனால்தான். புலி வந்தால் உபயோகம். வினாத்தாள் வந்தால் உபத்திரவம். கேள்வியைப் பிடித்து வைத்துக்கொண்டு விடையைத் தேடுகிற மனசின் மேஜை சின்னது; அதில் பாதியைக் கவலை அடைத்துக்கொள்கிறது. 1988இல் கும்பகோணத்தில் பிஎஸ்ஸி கணக்குத் தேர்வில் எனக்கும் இது நடந்தது. நுண்கணிதத் தாளில் கால் மணி நேரம் என் பெயரைத் தவிர எதுவும் எழுத வரவில்லை. வெளியே வந்ததும் எல்லாக் கணக்கும் வரிசையாக வந்து நின்றது, சனியன்.

“பயப்படாதே” என்று சொல்வதை நான் விட்டுவிட்டேன். சொன்னால் பயத்தோடு, பயப்படுகிறோமே என்ற வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராமிரெஸ், பைலாக் என்ற ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் படித்து, அதைச் செய்ய வைக்கிறேன். தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிஷம், மனசில் உள்ள கவலையையெல்லாம் ஒளிக்காமல் தாளில் எழுதுவது. அப்படி எழுதிய பயந்தாங்கொள்ளி மாணவர்கள், எழுதாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பத்தே முக்காலுக்கு ஒரு தாள் தருவேன். எழுதியதைக் கிழித்து வாளியில் போட்டுவிடலாம். நான் படிப்பதில்லை. ஒருமுறை வாளியைக் கொட்டும்போது ஒரு துண்டில் மராத்தியில் இரண்டே வார்த்தை தெரிந்தது: “அண்ணன் கடன்.” அதோடு குனிந்து பார்ப்பதையும் நிறுத்திவிட்டேன்.

எந்த ஆய்வும் வேலை செய்யாத ஒரு பயம் உண்டு. தேதி தெரியாத பயம். 2021 மார்ச் 14இல் நடக்க வேண்டிய முதல்நிலைத் தேர்வு கொரோனாவைக் காரணம் காட்டி மூன்றே நாள் இருக்கும்போது தள்ளிவைக்கப்பட்டது. பிள்ளைகள் நவி பேட்டைத் தெருவில் திரண்டார்கள். தேர்வு அதே மாதம் 21ஆம் தேதி நடந்தது. 2024 ஆகஸ்ட் 25 தேர்வு வங்கித் தேர்வோடு மோதியது. ராத்திரி முழுக்கத் தெருவில் உட்கார்ந்த பிறகு தள்ளிப்போய், டிசம்பர் 1இல் நடந்தது. தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டவர்களும் அவர்கள்தான், தள்ளிப்போனதும் தூக்கம் கெட்டவர்களும் அவர்கள்தான். இதில் முரண்பாடு ஒன்றுமில்லை. காட் வாடகை மாதா மாதம் வரும். வீட்டில் கல்யாணப் பேச்சு வாரா வாரம் வரும். பெண்ணுக்கு ஒரு தேதி நகர்ந்தால் கூடவே எத்தனையோ நகர்கிறது.

ஒரு தேர்வில் ஒரே மதிப்பெண்ணில் விட்டவள் மூன்று நாள் நாற்காலிக்கு வரவில்லை. நானே அவள் அறைக்குப் போனேன். சமாதானம் சொல்லத் தெரியாமல் யோகாசன ஐயங்கார் கதையைச் சொன்னேன். பி.கே.எஸ். ஐயங்கார் மெட்ரிகுலேஷனில் ஆங்கிலத்தில் மூன்று மதிப்பெண்ணில் தவறியவர். 1937இல் குரு அவரைப் புனேக்கு அனுப்பினார், கல்லூரி மாணவர்களுக்கு ஆசனம் கற்றுத்தர. கற்றுக்கொள்ள வந்தவர்களில் பலர் அவரைவிட மூத்தவர்கள், படித்தவர்கள். மராத்தியும் தெரியாது. இந்த ஊரிலேயே இருந்துவிட்டார். அவள் முழுசாகக் கேட்டுவிட்டு, “அவருக்கு வயசு வரம்பு இல்லையே, காகூ” என்றாள். பதில் இல்லை என்னிடம். இரண்டு பேரும் கீழே போய் அவல் போஹா சாப்பிட்டோம்.

அந்த வாரம்தான் கடிகாரத்துக்குக் கீழே ஓர் எண்ணை எழுதி ஒட்டினேன்: 14416. மத்திய அரசின் டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கிய மனநல உதவி எண். காசு கிடையாது, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். வீட்டில் தேர்வு எழுதுகிற பிள்ளை இருந்தால் நீங்களும் குறித்து வையுங்கள். தமிழிலும் பேசுவார்கள்.