சுவரைத் தேய்க்கும் முன்...

வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கப் போகிறீர்களா? என்ன கலர் என்பதை அப்புறம் பார்க்கலாம். சுவரைத் தேய்க்கும் அந்த இரண்டு நாளும் குழந்தைகளை எங்கே விடப் போகிறீர்கள், அதைச் சொல்லுங்கள்!

புது பெயிண்ட் வாசனைக்குப் பயப்படுகிற நாம், பழைய பெயிண்ட் தூசியைக் கண்டுகொள்வதே இல்லை. வீட்டு பெயிண்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்தது, முக்கியமாக கதவு, ஜன்னல், சமையலறைச் சுவரில் பளபளக்கும் ஆயில் பெயிண்ட் என்றால், ஈயம் நிறையவே இருக்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பொடியாகித் தரையில் படியும். தவழ்கிற குழந்தை அந்தக் கையை அப்படியே வாயில் வைக்கும். பாதிக்கப்படுவது அதன் மூளை வளர்ச்சி. கர்ப்பிணிகளும், வீசிங் உள்ளவர்களும்கூட அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பெயிண்டரிடம், "தண்ணி தொட்டு, வாட்டர் பேப்பர்ல தேய்ங்க" என்று சொல்லிவிடுங்கள். "வேலை இழுக்குமேம்மா" என்பார். இழுக்கட்டும்! (சுவிட்ச் போர்டு பக்கம் மட்டும் ஜாக்கிரதை. மெயினை அணைத்துவிடுங்கள்.) உரியாமல் கெட்டியாக ஒட்டியிருப்பதை வீணாகச் சுரண்டவும் வேண்டாம். அவருக்கும் ஒரு என்-95 மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். கர்ச்சீப் கட்டினால் போதாது. சாயந்திரம் துடைப்பத்தை எடுக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் தூக்கி எறிந்துவிட்டு, மறுநாள் பட்டி பார்க்கச் சொல்லுங்கள்.