மையம் விலகிய சுமையும் அத்திவாரமும்

வீடு கட்ட முற்படுவோர் அத்திவாரத்தின் ஆழத்தையும் அகலத்தையும் பற்றிக் கேட்பர். சுமை அதன் எவ்விடத்தில் வந்து இறங்குகின்றது என்று கேட்பவர் மிகச் சிலரே. ஆயினும், சுவர் வெடிப்பதற்கும் தூண் சாய்வதற்கும் பல வேளைகளிற் காரணமாவது சுமையின் அளவன்று. அது இறங்கும் இடமேயாகும்.

6 அடி நீளமும் 6 அடி அகலமும் உடைய அத்திவாரம் ஒன்றின் நடுவே 36 தொன் சுமை இறங்குவதாகக் கொள்க. கீழுள்ள மண்ணில் ஒவ்வொரு சதுர அடியும் ஒரு தொன்னைத் தாங்கும். அதே சுமை நடுவிலிருந்து அரை அடி விலகினால், அப்பக்கத்து ஓரத்தில் அமுக்கம் ஒன்றரைத் தொன்னாக ஏறும்; எதிர் ஓரத்தில் அரைத் தொன்னாகக் குறையும். விலகல் ஓர் அடியானால் ஒரு பக்கம் இரண்டு தொன், மறுபக்கம் ஒன்றுமேயில்லை. அதற்கு மேலும் விலகினால் நிலைமை வேறு. மண் அத்திவாரத்தைத் தாங்குமேயன்றிக் கீழே பிடித்திழுக்கமாட்டாது. எனவே மறு ஓரம் எழும்ப முற்படும். சுமை முழுவதும் எஞ்சிய பகுதியிலே குவியும். அகலத்தின் நடு மூன்றிலொரு பங்கினுள் சுமை இறங்கவேண்டும் என்னும் விதி இக்கணக்கிலிருந்தே பிறந்தது.

இடமிருந்தால் பரிகாரம் எளிது. தூணின் நடுவையன்றிச் சுமையின் நடுவை நோக்கி அத்திவாரத்தை நகர்த்தி அமைக்கலாம். ஆனால் காணியின் எல்லையிலேயே தூண் நிற்குமாயின், அயலவரின் நிலத்துள் அத்திவாரத்தை நீட்ட முடியாதன்றோ? அப்போது எல்லைத் தூணையும் உள்ளேயுள்ள தூணையும் ஒரே அத்திவாரத்தில் நிறுத்துவர்; அல்லது இரு அத்திவாரங்களையும் வலிய கொங்கிறீற்று உத்தரம் ஒன்றினாற் பிணைப்பர். எல்லைத் தூண் கவிழ முயலும்போது, உள்ளே நிற்கும் தூணின் பாரம் உத்தரத்தின் வழியாக அதனைத் தடுத்து நிறுத்தும். காற்றினால் உண்டாகும் விலகலுக்கு இவ்வழி பொருந்தாது. காற்று இன்று ஒரு புறமும் நாளை மறுபுறமும் வீசும். அதற்கு இருபுறமும் ஒத்த, போதிய அகலமுள்ள அத்திவாரமே தகும்.

கட்டும்போது நடுவில் இருந்த சுமை பின்னர் விலகிச் செல்வதும் உண்டு. இத்தாலியின் பீசாக் கோபுரம் இதற்குச் சான்று. 1173இல் தொடங்கிய வேலை சில ஆண்டுகளில் நின்றுபோய், 1272இல் மீண்டும் தொடங்கிற்று. அந்த நீண்ட இடைவெளியே கோபுரத்தைக் காத்தது எனலாம். மென்களிமண் நீரிழந்து இறுகுவதற்கு அவகாசம் கிடைத்தது. இடைவிடாது கட்டியிருந்தால் அது அன்றே வீழ்ந்திருக்கும். பின்னர் தெற்கே சாயச் சாய, மேற்பாரமும் அப்பக்கமே நகர்ந்தது. நகர்ந்த பாரம் மண்ணை மேலும் அமிழ்த்தியது. 14,500 தொன் எடையின் மையம், ஏறத்தாழ 20 மீற்றர் விட்டமுள்ள அடித்தளத்தின் நடுவிலிருந்து 2 மீற்றருக்கு மேல் விலகிற்று. தென் ஓரத்தில் அமுக்கம் சராசரியைப் போல் ஏறத்தாழ இருமடங்காக, வட ஓரத்தில் மிகச் சிறிதே எஞ்சியிருந்தது.

1990இல் கோபுரம் மூடப்பட்டது. 1993இல் வட புறத்தில் 600 தொன் ஈயக் கட்டிகளை அடுக்கினர். 1995இல் ஈயத்துக்குப் பதிலாக நிலத்தில் நங்கூரமிட முனைந்தபோது கோபுரம் மீண்டும் அசையவே, ஈயத்தை 900 தொன்னாக உயர்த்த நேர்ந்தது. ஈற்றில், சாய்ந்த பக்கத்தை உயர்த்த முயலாது, உயர்ந்த பக்கத்தின் அடியிலிருந்து சாய்வான துளைகளினூடாக மண்ணைச் சிறிது சிறிதாக அகற்றினர். வட புறம் மெல்ல அமிழ, உச்சி 40 சென்ரிமீற்றருக்கு மேல் மீண்டது. சரிவிற் குறைந்தது ஏறத்தாழ அரைப் பாகையே. 2001 டிசெம்பரில் கோபுரம் திறக்கப்பட்டது. எஞ்சிய சரிவை நீக்க எவரும் எண்ணவில்லை.