தொகுப்பியைத் தொகுப்பது எது?

நாம் எழுதும் மூல நிரலைப் பொறிமொழிக்கு மாற்றுவது தொகுப்பி. 1987-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் வெளியிட்ட ஜி.சி.சி. தொகுப்பியை மூல நிரலிலிருந்து கட்டும்போது, அது வழக்கமாக மூன்று முறை உருவாகிறது. கணிப்பொறியில் முன்பே உள்ள தொகுப்பி முதலாவதை ஆக்குகிறது, முதலாவது இரண்டாவதை, இரண்டாவது மூன்றாவதை. வீண் வேலையன்று இது! முதலாவதும் இரண்டாவதும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை. ஆகவே அவை ஆக்கித் தரும் இரண்டாவதும் மூன்றாவதும் ஒத்திருக்க வேண்டும். வேறுபட்டால், இரண்டாவது தொகுப்பி பெரும்பாலும் தவறாகப் பெயர்க்கிறது என்று பொருள். அதைப் பயன்படுத்தலாகாது.

கட்டும் வேலை பாதியில் நின்றால், மாற்றமெதுவும் செய்யாமல் மீண்டும் இயக்கிப் பாருங்கள். அதே இடத்தில் நின்றால் குற்றம் நிரலிலோ பழைய தொகுப்பியிலோ இருக்கலாம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றால், பழுதான நினைவகத்தையும் மிகையான வெப்பத்தையுமே முதலில் ஐயுற வேண்டும்.