கைதுச் செய்தி வந்த பிறகு

காணாமற்போன ஒருவரைப் பற்றிய வழக்கில் போலீசார் யாரையோ பிடித்துவிட்டார்கள் என்ற செய்தி கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டப்புறங்களுக்கு வந்து சேரும்போது, முதல்நாள் வரை அந்த விஷயத்தில் சிறிதும் சிரத்தை காட்டாதிருந்த ஜனங்கள், மறுநாள் காலையில் அதன் ஆதியந்தம் அறிந்தவர்களாகிவிடுகிறார்கள். புக்கிட் ரோத்தானிலோ ஈஜோக்கிலோ பெஸ்தாரி ஜெயாவிலோ பசியாற உட்காரும் கடையில், ஒரே பத்திரிகை நாலு மேசை சுற்றி வந்து, தேநீரும் எண்ணெயும் பட்டு, படத்திலுள்ள முகமே தெரியாதபடி கசங்கிப் போவதற்குள், பிடிபட்டவனுக்கு என்ன தண்டனை என்பது வரை அங்கே தீர்மானமாகிவிடும். "அப்பவே எனக்குத் தெரியும்" என்பார் ஒருவர், "அந்த வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாமலா நடந்திருக்கும்?" என்பார் இன்னொருவர். இப்படிப் பேசுகிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். அச்சமும் அனுதாபமும் கலந்த மனநிலையில் மனிதர் எல்லாரும் பேசுகிற பேச்சுத்தான் இது. ஆனால் இந்தச் சிரத்தை, புருஷனைக் காணவில்லை என்று ஒரு பெண் வாசலில் நின்று அழுத நாளில் பிறக்காமல், கைது நடந்த பிறகே ஏன் பிறக்கிறது என்ற கேள்வி என்னை நெடுங்காலமாக வருத்தி வருகிறது.

2010ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் தேதி, தேசிய தினத்துக்கு முந்திய நாள், அழகுசாதன வணிகத்தில் பெயர்பெற்ற டத்தோ சொசிலாவாத்தி லாவியாவும், அவருடன் சென்ற வங்கி அதிகாரி, வழக்கறிஞர், காரோட்டி ஆகிய மூன்று ஆண்களும், நில விவகாரம் ஒன்றின் பொருட்டுப் பந்திங்குக்குப் போனவர்கள் வீடு திரும்பவில்லை. இரண்டு வாரத்துக்குள், நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு, நால்வரும் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார்கள் என்று போலீசார் அறிவித்தனர். தஞ்சோங் செப்பாட்டில் ஒரு பண்ணையில் அது நடந்தது என்றும், சாம்பல் ஆற்றில் கொட்டப்பட்டது என்றும் வெளியான விவரங்கள் நாட்டையே உலுக்கின. பிடிபட்டவர்களில் தமிழ் வழக்கறிஞர் ஒருவரும் அவருடைய பண்ணையில் வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள். பந்திங், கிள்ளானுக்குத் தெற்கே இருக்கிறது. நம் வட்டாரமோ வடக்கே. எனினும் இரண்டும் ஒரே கடற்கரை, ஒரே செம்பனைக் காடு, ஒரே லயத்து ஜனம். ஆகவே அங்கே நடந்த கைது இங்கே சொந்தத் தோட்டத்தில் நடந்தது போலவே பேசப்பட்டது.

அந்தப் பேச்சில் இரண்டு இழைகள் இருந்தன. முதலாவது, இறந்தவர்கள் மலாய்க்காரர்கள், பிடிபட்டவர்கள் தமிழர்கள் என்பதனால் எழுந்த கூச்சமும் பயமும். பக்கத்துக் கம்பத்து ஜனங்களின் முகத்தில் எப்படி விழிப்பது என்று பெரியவர்கள் கவலைப்பட்டார்கள். யாரோ செய்த பாதகத்துக்கு ஒரு ஜாதி முழுவதும் தலைகுனிய வேண்டும் என்ற எண்ணம் எவ்வளவு அநியாயமானதோ, அவ்வளவு எளிதில் மனத்தில் வந்து குடியேறுவது. இரண்டாவது, கூலிக்கு நின்றவர்களிடம் தோன்றிய இரக்கம். முதலாளி சொன்னால் ஏன் என்று கேட்காமல் செய்வதே வேலை என்று மூன்று தலைமுறையாகப் பழக்கப்பட்ட சமூகத்தில், பண்ணையாட்கள் பிடிபட்டார்கள் என்றவுடன், "அவன் என்ன செய்வான், பாவம்" என்ற சொல் தானாக வந்துவிடுகிறது. நியாயஸ்தலம் அதை ஏற்கவில்லை. 2013 மே மாதம் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் வழக்கறிஞரையும் பண்ணையாட்கள் மூவரையும் குற்றவாளிகள் என்று கண்டு மரண தண்டனை விதித்தது. 2017 மார்ச்சில் கூட்டரசு நீதிமன்றம் வழக்கறிஞர் மீதான தீர்ப்பை உறுதி செய்தது. ஒரு சடலமும் கிடைக்காத அவ்வழக்கில், சந்தர்ப்ப சாட்சியங்களை ஒன்றோடொன்று கோத்து அந்த முடிவுக்கு வருவதற்கு ஆறரை ஆண்டு சென்றது. கடையில் ஒரு காலைப் பொழுதில் முடிந்துபோன விசாரணை அது.

கைது என்பது என்ன என்பதை நம் ஜனங்களுக்கு யாராவது பொறுமையாக எடுத்துச் சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று மலேசிய அரசியலமைப்பின் 5ஆவது விதி சொல்கிறது. அதற்குமேல் தடுத்து வைத்து விசாரிக்க வேண்டுமானால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117ஆவது பிரிவின்படி மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். கொலை போன்ற கடுமையான குற்றமானாலும் அப்படி வைக்கக்கூடியது 14 நாள். அதற்குள் குற்றம் சாட்ட வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். பந்திங் விவகாரத்திலேயே கைதானவர்கள் பலர். கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் நால்வர். மற்றவர்களும் அந்த நாட்களில் ஊரார் வாயில் கொலைகாரர்களாகவே இருந்தார்கள் என்பதை நினைக்க வேண்டும்.

ஆனால் அந்த விவகாரத்தில் என் மனத்தை அதிகமாக வாட்டியது வேறொன்று. அதே 2010 ஜனவரியில், தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு தொழிலதிபர் இந்நாட்டில் காணாமற்போயிருந்தார். இளம்வயது மனைவி ஊரில் இருந்தார். புகார் கொடுக்கப்பட்டிருந்தது. எட்டு மாதம் அந்தப் பெண்ணின் குரல் யார் காதிலும் உறைக்கவில்லை. செப்டம்பரில் பந்திங் கைதுகள் நடந்த பிறகே, பத்திரிகைகள் அவரைத் தேடிப் போயின. அவருடைய கணவரின் பெயர் தலைப்புகளில் வந்தது. பழைய புகார்கள் தூசி தட்டப்பட்டன. பிரசித்தி பெற்ற ஒருவர் மறைந்தபோது நாடு திரும்பிப் பார்த்தது, அந்தப் பார்வையின் ஓரத்தில் இந்தப் பெண்ணும் அகப்பட்டார் என்பதே உண்மை. சொசிலாவாத்தியுடன் சென்ற காரோட்டிக்கும் ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்?

தோட்டப்புறத்தில் இந்த அலட்சியத்துக்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. 1917இல் ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுத் துரை இந்நாட்டிலேயே முதன்முதலாக வணிகமுறையில் செம்பனை நட்ட தெனமாரம் தோட்டம் நம் பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தக் காலத்துத் தோட்ட நிர்வாகங்களுக்கு, காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு ஆள் வராவிட்டால் அவன் ஓடிப்போனவன்; அவனுக்கு என்ன ஆயிற்று என்ற விசாரத்தைவிட, அவன் வாங்கிய முன்பணம் போயிற்றே என்ற விசாரம் பெரிது. நாளடைவில் 'ஓடிப்போனவன்' என்ற அந்த வார்த்தையைத் தோட்டக் குமாஸ்தாவான கிராணியிடமிருந்து லயமே வாங்கிக்கொண்டது. புருஷனைக் காணோம் என்றால், "எங்கேயாவது இன்னொரு குடும்பம் வைத்திருப்பான்". பெண்டாட்டியைக் காணோம் என்றால் அதைவிடக் கூசும் சொற்கள். வெட்கத்தினாலேயே புகார் கொடுக்கப் போகாமல் பத்து நாள், இருபது நாள் தள்ளிப்போட்ட குடும்பங்கள் உண்டு. அந்த நாட்கள்தாம் தேடுவதற்குப் பயன்படக்கூடிய நாட்கள்.

யுத்த காலத்தில் நடந்ததை இங்கே சொல்லாமல் போக முடியாது. 1942க்கும் 1945க்கும் இடையில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடுவதற்காக, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ் ஆண்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். சிலர் ஆசை வார்த்தைக்கு மயங்கிப் போனார்கள். பலர் லாரியில் ஏற்றப்பட்டுப் போனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் அவர்கள் விழுந்த இடத்தில் பெயர்ப்பலகை கிடையாது. காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறைகள் பெயர் பொறித்து வரிசையாக நிற்கின்றன. நம் கூலிகளுக்கு அந்தச் சிரமத்தை எவரும் எடுத்துக்கொள்ளவில்லை. யுத்தம் முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்து தோட்டக் கணக்கு மறுபடியும் தொடங்கியபோது, பொட்டு வைப்பதா அழிப்பதா என்று அறியாமல் வருஷக்கணக்கில் இருந்த பெண்கள் சிலாங்கூர்த் தோட்டங்கள்தோறும் இருந்தார்கள். அவர்களுக்காக எந்தப் போலீஸ் நிலையத்திலும் கோப்பு திறக்கப்படவில்லை. கைது என்ற செய்தி அவர்கள் காதில் ஒருநாளும் விழவில்லை. காத்திருக்கும் மனைவியை ஊர் மறந்துபோவதற்கு அப்போதே பழகிவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கைதுக்குப் பின் எழும் ஜனங்களின் அனுதாபம் எங்கே போகும் என்பதும் நிச்சயமில்லாதது. பழைய தலைமுறைக்கு ஆளவந்தார் கொலை வழக்கு நினைவிருக்கும். 1952 ஆகஸ்டு 28ஆம் தேதி சென்னை சைனா பஜாரில் வியாபாரம் செய்துவந்த ஆளவந்தார் வீடு திரும்பவில்லை. மனைவி தேடினார்; கணவர் போயிருக்கக்கூடும் என்று கேள்விப்பட்ட ராயபுரத்து வீட்டுக்கே போய் விசாரித்தார்; அவர் வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். போட் மெயில் ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் தலையில்லாத உடல் மானாமதுரையில் கண்டெடுக்கப்பட்டது. தலை ராயபுரம் கடற்கரையில் ஒதுங்கியது. அந்த வீட்டிலிருந்த கணவன் மனைவி இருவரும் பம்பாயில் பிடிபட்டபோது ஏற்பட்ட பரபரப்பு சொல்லி முடியாது. விசாரணை நடந்த நாட்களில் ஹைகோர்ட்டு வாசலில் கூட்டம் நெரிந்தது. ஆனால் அக்கூட்டத்தின் இரக்கம் பிடிபட்ட தம்பதிகளின் பக்கமே சாய்ந்தது. இறந்தவருடைய ஒழுக்கத்தைப் பற்றிய கதைகளே ஊரெங்கும் பரவின. ஜூரிகளுடன் வழக்கை விசாரித்த நீதிபதி ஏ.எஸ்.பி. ஐயர், கணவனுக்கு ஏழு வருஷமும் மனைவிக்கு மூன்று வருஷமும் தண்டனை விதித்தார். தண்டனை சரியா என்று இப்போது வாதிப்பதில் பிரயோஜனமில்லை. கணவனைத் தேடி அந்தப் படியேறிக் கதவைத் தட்டிய பெண்ணை நினைத்து வருந்துவதற்கு அந்தப் பெருங்கூட்டத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதே எனக்குள்ள துயரம்.

ஜனங்களின் அபிப்பிராயம் முற்றிப்போனால் நியாயஸ்தலமே வழி மாற நேரிடும். ஆஸ்திரேலியாவில் 1982இல் காணாமற்போன லினெட் டாசன் என்ற பெண்ணின் கணவர் 2018 டிசம்பரில்தான் கைதானார். ஒலித்தொடர் ஒன்றின் மூலம் அந்தக் கதை அதற்கு முன்பே உலகமெல்லாம் பரவிவிட்டதனால், ஜூரி இல்லாமல் நீதிபதி ஒருவரே விசாரித்து, 2022இல் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தார்.

இதற்கு நேர்மாறாக, குற்றச்சாட்டே உண்மைக்குக் குறுக்கே நின்றதும் நம் சிலாங்கூரில் நடந்திருக்கிறது. 2017 பிப்ரவரி 13ஆம் தேதி பாதிரியார் ரேமண்ட் கோ பெட்டாலிங் ஜெயாவில் பட்டப்பகலில், பல வாகனங்கள் சூழ்ந்து வழிமறிக்க, கடத்தப்பட்டார். 2018 ஜனவரியில் ஒரு காரோட்டி மீது அந்தக் கடத்தலுக்காகக் குற்றம் சாட்டப்பட்டது. 'ஆள் அகப்பட்டுவிட்டான்' என்று சிலர் நிம்மதியடைந்திருக்கலாம். ஆனால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போய்விட்டது என்ற காரணத்தால் மனித உரிமை ஆணையமான சுஹாகாமின் பகிரங்க விசாரணை அப்போது நிறுத்திவைக்கப்பட்டது. மனைவி சூசன்னா லியூ விட்டுவிடவில்லை. விசாரணை மறுபடி தொடங்கி, 2019 ஏப்ரலில், போலீசின் சிறப்புப் பிரிவே இதற்குப் பொறுப்பு என்று ஆணையம் கண்டது. 2025 நவம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் அரசாங்கமும் போலீசாரும் பொறுப்பாளிகள் என்று தீர்ப்புக் கூறி, கணவரின் இருப்பிடம் தெரிவிக்கப்படும் நாள் வரை, கடத்தப்பட்ட நாளிலிருந்து நாளொன்றுக்கு 10,000 ரிங்கிட் வீதம் நஷ்டஈடு கணக்கிட்டது. அந்தப் பெண்மணி ஆரம்பத்திலேயே ஊர்ப்பேச்சுக்குச் செவிசாய்த்து ஓய்ந்திருந்தால் இவற்றில் ஒன்றும் நடந்திராது.

படிப்பும் திருச்சபையின் துணையும் உள்ள ஒருவருக்கே எட்டு வருஷத்துக்கு மேல் சென்றது. நம் லயத்துப் பெண் ஒருத்தியின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஏழு வருஷம் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லாவிட்டால்தான், 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 108ஆவது பிரிவின்படி அவர் இறந்துவிட்டதாக அனுமானிக்க வழி பிறக்கும். 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி மரண அனுமானமும் மணமுடிவும் கோரி முஸ்லிம் அல்லாதார் நீதிமன்றத்தை நாடலாம். அதுவரை மரணச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாததால் கணவன் பெயரிலுள்ள சேமநிதிப் பணத்துக்கும் சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு அமைப்பின் உதவிக்கும் மனுப்போட முடியாமல் அலைய வேண்டும். இந்தப் பிரிவுகள் இருக்கின்றன என்பதே அவளுக்குத் தெரியாது; சொல்லுகிறவர்களும் இல்லை.

ஆகையால் நம் தோட்டக் கோயில் நிர்வாகக் குழுக்களையும், தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் கிளைகளையும், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களையும் வேண்டிக்கொள்கிறேன். ஆள் காணவில்லை என்று புகார் கொடுக்க 24 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஊறிக்கிடக்கிறது. எந்தச் சட்டத்திலும் அப்படி இல்லை. அன்றைக்கே போகலாம். மலாயில் எழுதப்படும் புகாரைப் படித்துச் சொல்ல ஒருவர் கூடவே போக வேண்டும். புகாரின் நகலை அந்தப் பெண்ணிடம் வாங்கிக் கொடுத்து, விசாரணை அதிகாரியின் பெயரை அதன் பின்பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். திருவிழாவுக்கு வீடுவீடாக வசூல் செய்யத் தெரிந்த நமக்கு, அவளுடைய பிள்ளைகளுக்குப் பள்ளிப் பஸ் கட்டணம் திரட்டத் தெரியாமற் போகாது. பிறகு கோல சிலாங்கூர் போலீஸ் தலைமையகத்துக்கு அவள் மாதம் ஒருமுறை போய், என்ன ஆயிற்று என்று கேட்கும்போது, தோட்டத்திலிருந்து ஒருவர் உடன் போய்வர வேண்டும். பத்திரிகையில் ஒன்றும் வராத மாதங்களிலும்.