ரங்கூனிலிருந்து கொண்டுவர முடியாதவை

பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் இரண்டு அலைகளாக வந்தார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் ரங்கூன் மீது குண்டு வீசியதும் லட்சக்கணக்கானோர் ஊரைக் காலி செய்தனர். அவர்களில் பலர் காடு, மலை வழியே அசாமுக்கும் மணிப்பூருக்கும் நடந்தே வந்தவர்கள். ரங்கூனில் 'ஜோதி' இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா அந்த நடையைத் தனி நூலாகவே எழுதியிருக்கிறார். போர் முடிந்தபின் பலர் திரும்பிப் போய்க் கடையையும் வீட்டையும் மறுபடி நிமிர்த்தினார்கள். 1962-இல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கடைகள் அரசுடைமையாயின. 1964 மே மாதத்தில் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாதவையாகின. அதன்பின் ஏறத்தாழ 3 லட்சம் இந்தியர்கள் நாட்டைவிட்டு வெளியேறினர். நகையும் பணமும் எடுத்துவரக் கடும் கட்டுப்பாடு இருந்ததால், தமிழர்களில் பெரும்பாலோர் கையில் ஒன்றுமில்லாமல்தான் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினர்.

இழந்த சொத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. இழந்த நகரத்தைப் பற்றி அவ்வளவாக இல்லை. ஆனால் முதியவர்களின் பேச்சில் அடிக்கடி தலைகாட்டுவது அந்த நகரம்தான்.

1931 கணக்கெடுப்பில் ரங்கூனின் மக்கள்தொகை சுமார் 4 லட்சம். அதில் பாதிக்கு மேல் இந்தியர்கள்: தெலுங்கர், வங்காளிகள், ஒரியர், குஜராத்திகள், தமிழர். மீதியில் பர்மியர், சீனர், கரேன், ஆங்கிலோ-இந்தியர், யூதர், ஆர்மீனியர் எல்லோரும் இருந்தனர். நகரின் நடுவே சூலே பகோடா. அதன் பக்கத்திலேயே ஒரு பள்ளிவாசல், கொஞ்ச தூரத்தில் ஒரு தேவாலயம். தமிழர் கட்டிய காளி கோயிலும், தமிழ் முஸ்லிம்களின் சூலியா பள்ளிவாசலும், யூதர்களின் தொழுகைக்கூடமும் நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருந்தன. இன்றும் இருக்கின்றன. நகரத்தார் என்னும் செட்டியார்களின் கிட்டங்கிகள் (வணிக விடுதிகள்) முகல் தெருவில். மூட்டை தூக்குபவர் ஒரு மொழி, கணக்கு எழுதுபவர் ஒரு மொழி, சாமான் வாங்க வருபவர் இன்னொரு மொழி. இப்படிப்பட்ட தெருவில் வளரும் பிள்ளை பள்ளிக்கூடம் போகாமலே மூன்று மொழி பேசும்.

தமிழ்நாட்டில் ஆரணி போன்ற பட்டு நெசவு ஊரை ரங்கூனின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு புரியும். அங்கே தெருவுக்குத் தெரு தறிச்சத்தம். சாயம் தோய்ப்பவர், பாவு போடுபவர், தறியில் உட்காருபவர், சேலையை எடுத்துக்கொண்டு கூலி கொடுக்கும் முதலாளி ஆகியோர் தலைமுறை தலைமுறையாக ஒருவரையொருவர் அறிந்தவர்கள். புதிதாக வந்தவரிடம் முதலில் கேட்பது “நீங்க யார் வீட்டுப் பிள்ளை?” என்பதுதான். அந்தக் கேள்வியில் அன்பும் பாதுகாப்பும் உண்டு. ரங்கூனில் பிறந்து வளர்ந்தவருக்கோ அதற்கு விடையே இல்லை. தாத்தாவின் ஊர் எது என்று தெரியும். அந்த ஊரில் அவரைத் தெரிந்தவர் யாரும் கிடையாது. பெருநகரம் யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. திரும்பியவர்களில் பலர் சொந்த ஊருக்குப் போகாமல் சென்னையிலேயே தங்கியதற்குப் பிழைப்பு முதல் காரணம் என்றால், இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

ரங்கூன் சண்டை சச்சரவே இல்லாத சொர்க்கம் அல்ல. 1930-இல் துறைமுகக் கூலி வேலையை முன்னிட்டுத் தெலுங்குத் தொழிலாளர்களுக்கும் பர்மியருக்கும் இடையே கலவரம் வெடித்துப் பலர் மாண்டனர். 1938-இல் முஸ்லிம்களைக் குறிவைத்து மறுபடியும் கலவரம். வட்டிக்கடன் மூலம் விளைநிலம் செட்டியார்கள் கைக்குப் போன கோபமும் சேர்ந்துகொண்டது. நினைவில் நிற்கும் நகரம் இவற்றை ஓரங்கட்டிவிடுகிறது. ஆனாலும் அந்த நினைவு பொய் என்று தள்ளிவிட முடியாது. அன்றாடம் அங்கே வாழ்ந்த வாழ்க்கை வேறாகத்தான் இருந்தது. சித்திரை முதல் நாளை ஒட்டியே பர்மியரின் தண்ணீர்த் திருவிழா வரும். தமிழ்ப் பிள்ளைகள் காலையில் கோயிலுக்குப் போய்விட்டு, பகலெல்லாம் தெருவில் தண்ணீர் ஊற்றி விளையாடுவார்கள். சந்தையில் கடையை நடத்துபவர்கள் பெரும்பாலும் பர்மியப் பெண்கள். அவர்களைப் பார்த்து வளர்ந்த தமிழ்ப் பெண்கள், இங்கு வந்தபின் வீட்டுக்குள் அடைந்திருக்கப் பழக வேண்டியிருந்தது.

அந்த நகர வாழ்க்கையில் சாப்பாடு மட்டும் தப்பித்து வந்தது. சென்னைக் கடற்கரை ரயில் நிலையம் எதிரே, 1960களின் இறுதியில் அகதிகளுக்காக உருவான பர்மா பஜாரை ஒட்டி, மாலையானால் தள்ளுவண்டிகளில் அத்தோ கிடைக்கும். வேகவைத்த மஞ்சள் நிற நூடுல்ஸ், நறுக்கிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், இடித்த மிளகாய், கடைசியில் நொறுக்கிப் போடும் தட்டை எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தட்டில் வைப்பார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். ரங்கூனில் இந்தச் சாறு மீன் போட்டுக் கொதிப்பது. இங்கே பல வண்டிகளில் மீன் இல்லை. வாங்குபவரின் நாக்குக்கு ஏற்ப அது மாறிக்கொண்டது. சாப்பிடுபவர்களில் பர்மாவை அறியாதவர்களே இப்போது அதிகம்.

வண்டியில் வைத்து விற்க முடிந்தது நிலைத்தது. அடுத்த வீட்டுக்காரர் இருந்தால்தான் நடக்கும் என்பவை நிலைக்கவில்லை. தண்ணீர்த் திருவிழா இங்கே வரவில்லை, விளையாட எதிர்த்தெரு வேண்டும் என்பதால். இந்த இழப்பு தமிழருக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. 1956 சூயஸ் நெருக்கடிக்குப் பின் எகிப்தின் அலெக்சாந்திரியாவை விட்டுப் போன கிரேக்கரும் இத்தாலியரும் யூதரும் இதே போன்ற ஒரு நகரத்தைத்தான் நினைத்து ஏங்கினார்கள். அங்கே கட்டடங்கள் பல நிற்கின்றன. நான்கு மொழி கேட்ட படிக்கட்டுகள் ஒரே மொழிக்கு வந்துவிட்டன.

பர்மாவைப் பிரிந்ததைத் தாங்க முடியாமல் தமிழர் சிலர் திரும்பவும் கிளம்பினார்கள். மணிப்பூர் வழியாக நடந்தே பர்மாவுக்குள் நுழையப் பார்த்தவர்களை எல்லையில் தடுத்துத் திருப்பி அனுப்பினர். அவர்கள் தமிழ்நாட்டுக்கும் வரவில்லை. எல்லையின் இந்தப் பக்கத்திலேயே மோரே ஊரில் குடியேறி, தமிழ்ச் சங்கமும் அங்காளபரமேஸ்வரி கோயிலும் அமைத்துக்கொண்டனர். எதிரே பர்மாவின் தமு. மைத்தேயி, குக்கி, நேபாளி, பர்மியர், தமிழர் என்று பலரும் புழங்கிய சந்தையாக மோரே வளர்ந்தது. விட்டுவந்த வாழ்க்கைக்கு மிக அருகில் வந்து சேர்ந்தவர்கள் என்று அவர்களைச் சொல்லலாம்.

தமிழ்நாட்டில் தங்கியவர்களிடம் கடைசியாகத் தேய்ந்துகொண்டிருப்பது பர்மிய மொழி. வீட்டில் கணவனும் மனைவியும் பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாத விஷயத்தைப் பேச அது பயன்பட்டது. இருவரில் ஒருவர் போனபின் அதைப் பேச அந்த வீட்டில் ஆள் இல்லை. பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்தவை சில பலகாரப் பெயர்கள் மட்டுமே.