உங்களுக்குத் தெரியுமா? பாலஸ்தீனத்தின் பங்காளிப் பகை

நாட்டை மீட்கப் புறப்பட்டவர்கள் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டால் நஷ்டம் யாருக்கு? பாலஸ்தீனத்தின் நூறு வருட அரசியல் அதற்குப் பதில் சொல்கிறது. ஃபத்தா, ஹமாஸ் என்று செய்திகளில் அடிபடும் பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் சில தகவல்கள் இங்கே.

★ இந்தப் பகை ஹமாஸ் வருவதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் ஜெருசலேமின் இரண்டு செல்வாக்கான குடும்பங்கள், ஹுசைனிகளும் நஷாஷிபிகளும், எதிரெதிராக நின்றன. 1920-ல் மேயர் பதவியை ஹுசைனிகளிடமிருந்து பறித்து நஷாஷிபிகளுக்குக் கொடுத்த பிரிட்டிஷார், மறு வருடமே முஃப்தி என்ற மதத் தலைவர் பதவியை ஹுசைனிகளுக்குக் கொடுத்தார்கள். 1936-39 அரபுக் கிளர்ச்சி முடிவதற்குள் இரு தரப்பு ஆட்களும் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளும் நிலை வந்துவிட்டது.

★ ஃபத்தா பிறந்த இடம் குவைத். 1950-களின் கடைசியில் அங்கே வேலை பார்த்த பாலஸ்தீன இளைஞர்கள் அதைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான யாசர் அரஃபாத் ஒரு சிவில் இன்ஜினீயர். பி.எல்.ஓ. எனப்படும் பாலஸ்தீன விடுதலை அமைப்பு 1964-ல் அரபு நாடுகளின் முயற்சியால் உருவானது. 1969-ல் அரஃபாத் அதன் தலைவரானார். ஃபத்தா உள்ளிட்ட பல அணிகளின் பொதுக்குடை அது. ஹமாஸும் இஸ்லாமிய ஜிஹாதும் அந்தக் குடைக்குள் சேரவில்லை.

★ பல அணிகளின் தலைவர்கள் டாக்டர்கள். பி.எஃப்.எல்.பி. என்ற இடதுசாரி அணியைத் தொடங்கிய ஜார்ஜ் ஹபாஷ், இஸ்லாமிய ஜிஹாதைத் தொடங்கிய ஃபத்ஹி ஷிகாகி, ஹமாஸ் நிறுவனர்களில் ஒருவரான அப்துல் அஸீஸ் ரந்தீஸி மூவருமே மருத்துவம் படித்தவர்கள். ஹபாஷ் கிறிஸ்தவர். 1967 டிசம்பரில் அவர் தொடங்கிய அணி, இரண்டு வருடம் நிறைவதற்குள் இரண்டு முறை உடைந்தது.

★ இஸ்ரேலுடன் பேசலாம் என்று சொன்னதற்காகவே சொந்த இனத்தவர் கையால் உயிரிழந்தவர்கள் உண்டு. லண்டனில் பி.எல்.ஓ. பிரதிநிதியாக இருந்த சயீத் ஹமாமி 1978-லும், சமாதானத் தூதராக அலைந்த இதய மருத்துவர் இஸாம் சர்தாவி 1983-ல் போர்ச்சுகலிலும் கொல்லப்பட்டார்கள். இரண்டு கொலைகளுக்கும் ஃபத்தாவிலிருந்து பிரிந்த அபு நிதால் கும்பலே காரணம் எனப்படுகிறது. 1991-ல் ஃபத்தாவின் இரண்டாம் கட்டத் தலைவர் அபு இயாத், துனிஸ் நகரில் ஒரு மெய்க்காப்பாளரின் குண்டுக்குப் பலியானார்.

★ 1983-ல் ஃபத்தாவுக்குள்ளேயே கலகம் வெடித்தது. சிரியாவின் ஆதரவு பெற்ற கலகக்காரர்கள் லெபனானின் திரிப்போலி நகரில் அரஃபாத்தைச் சுற்றி வளைத்தார்கள். அந்த டிசம்பரில், ஐ.நா. கொடி பறந்த கிரேக்கக் கப்பல்களில் அரஃபாத்தும் சுமார் 4,000 போராளிகளும் வெளியேறினார்கள். அணிகளின் சண்டையில் அயல்நாடுகள் குளிர்காய்வது இன்றும் தொடர்கிறது.

★ ஃபத்தாவுக்கு மஞ்சள், ஹமாஸுக்குப் பச்சை, பி.எஃப்.எல்.பி.க்குச் சிவப்பு, இஸ்லாமிய ஜிஹாதுக்குக் கறுப்பு. ரமல்லா அருகே உள்ள பீர்ஸெய்த் பல்கலைக்கழகத்தின் மாணவர் தேர்தலில் இந்த வண்ணக் கொடிகள் அணிவகுக்கும். நாட்டில் பொதுத்தேர்தல் இல்லாத நிலையில், மக்களின் நாடியைப் பார்க்க எல்லோரும் உற்றுக் கவனிப்பது இந்தத் தேர்தலைத்தான். 2022-ல் மொத்தம் 51 இடங்களில் ஹமாஸ் ஆதரவு அணி 28, ஃபத்தா ஆதரவு அணி 18 பிடித்தன.

★ 2006 ஜனவரி 25 அன்று நடந்த சட்டமன்றத் தேர்தலில் ஹமாஸ் 132-ல் 74 இடங்களை வென்றது. ஃபத்தாவுக்கு 45. ஆனால் வாக்கு வித்தியாசம் மிகக் குறைவு. ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குச்சீட்டுகள்: ஒன்று கட்சிப் பட்டியலுக்கு, இன்னொன்று மாவட்ட வேட்பாளர்களுக்கு. கட்சிப் பட்டியலில் ஹமாஸ் சுமார் 44 சதவீதம் வாங்கி 29 இடங்களும், ஃபத்தா சுமார் 41 சதவீதம் வாங்கி 28 இடங்களும் பெற்றன. மாவட்டங்களில்தான் கணக்கு கவிழ்ந்தது: ஹமாஸுக்கு 45, ஃபத்தாவுக்கு வெறும் 17! சீட் கிடைக்காத ஃபத்தாக்காரர்கள் சுயேச்சையாக நின்று சொந்தக் கட்சி வாக்குகளைப் பிரித்ததுதான் இந்தச் சரிவுக்கு முக்கியக் காரணம்.

★ அதே வருடம் மே மாதத்தில், இஸ்ரேலியச் சிறையிலிருந்த ஃபத்தா, ஹமாஸ், இஸ்லாமிய ஜிஹாத், இடதுசாரிக் கைதிகள் ஒன்றுகூடி ஓர் ஒற்றுமை ஆவணம் எழுதினார்கள். ஃபத்தாவின் மர்வான் பர்கூதி அதில் முன்னணியில் இருந்தார். வெளியில் இருந்த தலைவர்களால் முடியாததைச் சிறைக்குள் இருந்தவர்கள் செய்து காட்டினார்கள்.

★ 2007 பிப்ரவரியில் மெக்காவில் ஃபத்தாவும் ஹமாஸும் கைகுலுக்கின. நான்கே மாதம். ஜூனில் காஸா தெருக்களில் சண்டை மூண்டது. இரு தரப்பும் எதிராளிகளை உயரமான கட்டடங்களிலிருந்து கீழே தள்ளிக் கொன்றன. ஒரே வாரத்தில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். காஸா ஹமாஸிடம் போனது. மேற்குக் கரையில், இஸ்ரேல் ராணுவம் விட்டுவைத்த அதிகாரம் மட்டும் ஃபத்தாவைச் சேர்ந்த அதிபர் மஹ்மூத் அப்பாஸிடம் நின்றது.

★ அதன் பிறகு, காஸாவில் இருந்த தன் ஊழியர்களை ‘வேலைக்குப் போகாதீர்கள், சம்பளம் வரும்’ என்று ரமல்லாவில் இருந்த அப்பாஸின் அரசு சொன்னது. ஹமாஸ் தன் பங்குக்குப் பல்லாயிரம் பேரைப் புதிதாக வேலைக்கு எடுத்தது. பழைய ஆசிரியர்களும் போலீஸ்காரர்களும் வருடக்கணக்கில் வீட்டில் முடங்கினார்கள்.

★ கடிகாரம்கூடப் பிரிந்தது! கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கும் கோடைக்கால நேரத்தை 2008-ல் ஹமாஸ் அரசு சில நாட்கள் முன்னதாகவே முடித்துக்கொண்டது. அதனால் காஸாவில் மணி எட்டு என்றால் மேற்குக் கரையில் ஒன்பது.

★ 2017-ல் ஹமாஸைப் பணியவைக்க, காஸாவுக்கு இஸ்ரேல் தந்த மின்சாரத்துக்குத் தன் அரசு செலுத்திவந்த தொகையைக் குறைத்தார் அப்பாஸ். இஸ்ரேலும் மின்சாரத்தைக் குறைத்தது. நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் மின்சாரம் வந்தால் பெரிது என்றாகிவிட்டது. பணிந்தது ஹமாஸ் அல்ல, ஆஸ்பத்திரிகளும் அடுக்களைகளும்தான்.

★ மெக்கா 2007, சனா 2008, கெய்ரோ 2011, தோஹா 2012, காஸாவின் ஷாத்தி முகாம் 2014, மறுபடி கெய்ரோ 2017, அல்ஜியர்ஸ் 2022, பெய்ஜிங் 2024. இத்தனை ஊர்களில் சமரச உடன்பாடுகள் எழுதப்பட்டன. பெய்ஜிங்கில் 14 அணிகள் கையெழுத்திட்டன.

★ 2021 மே மாதத்தில் தேர்தல் என்று அறிவித்ததும் 36 பட்டியல்கள் களமிறங்கின. தகுதியுள்ளவர்களில் 93 சதவீதம் பேர் வாக்காளராகப் பதிவு செய்தார்கள். கிழக்கு ஜெருசலேமில் வாக்களிக்க இஸ்ரேல் அனுமதிக்கவில்லை என்று காரணம் காட்டி, ஏப்ரல் கடைசியில் அப்பாஸ் தேர்தலைத் தள்ளிவைத்தார். அவருடைய ஃபத்தா அப்போது மூன்றாக உடைந்து களத்தில் நின்றது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2005-ல் நான்கு வருடப் பதவிக்குத் தேர்வானவர் அவர்.

ஆக்கிரமிப்பும் குண்டுவீச்சும் வெளியிலிருந்து வந்த கொடுமைகள். வாக்குரிமையை முடக்கியதில் ஃபத்தாவுக்கும் ஹமாஸுக்கும் பங்கு உண்டு. அதனால் வாசகர்களே, அடுத்த முறை ஓர் அணித் தலைவர் சொன்னதைக் கேட்டு ‘பாலஸ்தீன மக்கள் இப்படிச் சொல்கிறார்கள்’ என்று முடிவு கட்டாதீர்கள். 2006 ஜனவரிக்குப் பிறகு பல வருடங்களாக, அந்த மக்களின் கருத்தை எந்தப் பொதுத்தேர்தலும் கேட்கவில்லை.