வீழ்ந்த மரத்தைப் பலகையாக்கும் சங்கிலி ரம்பச் சட்டம்

2011 டிசம்பர் 30 இல் வீசிய தானே புயல் கடலூர்ப் பக்கத்தில் பண்ருட்டிப் பலா மரங்களையும் முந்திரித் தோப்புக்களையும் சாய்த்தது. 2018 நவம்பர் 16 இல் வந்த கஜா புயல் தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை ஜில்லாக்களில் தென்னை மரங்களைக் கணக்கின்றி வீழ்த்தியது. இவ்விரு சமயங்களிலும், விழுந்த மரங்களை நிலத்தினின்று அகற்றுவதே குடியானவர்களுக்குப் பெரும் பாரமாயிற்று. பண்ருட்டிப் பலா மரம் தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பேர்போனது. அத்தகைய மரம் அடுப்புக்குப் போவதென்றால், ஒரு தலைமுறை வளர்த்த முதல் ஒரு நாளில் சாம்பலாவதாகும்.

புயல் வந்தாலன்றி இந்நஷ்டம் நேர்வதில்லை என்று எண்ணலாகாது. பட்டுப்போன வேம்பு, கிணற்றோரம் சாய்ந்த வாகை, காய்ப்பு ஓய்ந்த மா முதலியவை ஆண்டுதோறும் நமது கிராமங்களில் விறகு விலைக்குப் போகின்றன. விற்றவரே மறு வருஷம் வீடு கட்டுங்கால் கடன் வாங்கிக் கதவுக்கும் நிலைக்கும் மரம் வாங்குகிறார். மரத்தை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் வண்டிக்கூலி சிலவேளை மரத்தின் கிரயத்தையே விழுங்கிவிடுவதுதான் இதற்கு முக்கிய காரணம். மரம் ஆலைக்குச் செல்வதற்குப் பதிலாக, அறுக்கும் கருவி மரத்தினிடம் வருமாயின் இக்கஷ்டம் பெரிதும் நீங்கும். அத்தகைய கருவியொன்றைப் பற்றிச் சங்க அங்கத்தினர்கள் அறிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே கூறுவோம்.

கருவியின் வரலாறும் அமைப்பும்

முற்காலத்தில் பள்ளம் தோண்டியோ சாரம் கட்டியோ மரத்தைக் கிடத்தி, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நீண்ட வாளை இழுத்துப் பலகை அறுத்தனர். வேலை சுத்தமானது, ஆனால் மிக மெதுவானது. இன்று அத்தொழிலில் தேர்ந்தவர்கள் அரியராகிவிட்டனர்.

சங்கிலி ரம்பம் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் வளர்ந்த இயந்திரம். ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் என்பவர் 1926 இல் மின்சாரத்தால் ஓடுவதொன்றையும், 1929 இல் பெட்ரோலால் ஓடுவதொன்றையும் செய்தார். அமெரிக்காவில் ஆரிகன் மாகாணத்தைச் சார்ந்த ஜோ காக்ஸ் என்ற மரவெட்டி, 1946 இல் ஒரு வண்டின் புழு தன் இரு தாடைகளால் வலமும் இடமுமாக மரத்தைக் குடைந்து செல்வதை உற்று நோக்கினார். அம்மாதிரியே வலப்பல்லும் இடப்பல்லும் மாறிமாறி அமைந்த சங்கிலியை அவர் 1947 முதல் செய்து விற்கலானார். இன்றைய சங்கிலிகள் யாவும் பெரும்பாலும் அவ்வமைப்பைத் தழுவியவையே.

ரம்பம் தனியே மரத்தைத் துண்டாக்கவே உதவும். கையில் பிடித்துக்கொண்டு நேர்ப்பலகை அறுத்தல் இயலாது. ஆதலின் அதன் நீண்ட அலகில் ஓர் இரும்புச் சட்டத்தைப் பூட்டுகின்றனர். இரு கவ்விகள் அலகைப் பற்றிக்கொள்ளும். அவற்றினின்று எழும் இரு கம்பங்களில் அளவுக் கோடுகள் இருக்கும். கம்பங்களின் மேலே இரண்டு தண்டவாளங்கள் மரத்தின் மேற்பரப்பில் ஊர்ந்து செல்லும். தண்டவாளத்திற்கும் அலகுக்கும் இடையே எத்தனை அங்குலம் விடுகின்றோமோ அத்தனை கனத்தில் பலகை கிடைக்கும். இதுவே கருவியின் முழுத் தத்துவம். கவ்வியானது அலகின் நுனியிலுள்ள சிறு உருளையை நெருக்காமல், அதற்குச் சற்று உட்புறமாகவே பூட்டப்பட வேண்டும்.

இவ்வேலை இயந்திரத்துக்கு மிகக் கடினமானது. கிளை வெட்டும் சிறு ரம்பத்தால் இதைச் செய்யத் துணிந்தால் இயந்திரம் சூடேறிக் கெடும். சிறு மரங்களுக்கு 60 சி.சி.க்குக் குறையாததும், 20 அங்குலத்துக்கு மேற்பட்ட அகலத்துக்கு 80 அல்லது 90 சி.சி. உள்ளதும் ஏற்றவை. கவ்விகள் பிடிக்கும் இடம் போவதால், அலகின் நீளத்தைவிட அறுக்கக்கூடிய அகலம் நான்கைந்து அங்குலமாவது குறையும் என்பதையும் வாங்குமுன் கணக்கிட வேண்டும்.

சங்கிலியின் பல்

மரத்தைக் குறுக்கே வெட்டும் சாதாரணச் சங்கிலியின் பற்கள் சுமார் 30 பாகைச் சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும். பலகை அறுப்பதற்கு அச்சாய்வை 10 பாகையாகக் குறைத்தல் வேண்டும். அவ்வாறு தீட்டிய சங்கிலி நேராகச் செல்லும். பலகையின் முகமும் வழுவழுப்பாக இருக்கும். ஒவ்வொரு முறை பெட்ரோல் நிரப்பும்போதும் அரத்தால் பற்களைத் தீட்டுதல் நல்ல பழக்கம். சுருள் சுருளாகச் சிறாய் விழுந்தால் பல் கூர்மையாயுள்ளது என்று அறியலாம். மாவுபோல் தூள் பறந்தாலோ, இயந்திரத்தை அழுத்தித் தள்ள வேண்டியிருந்தாலோ உடனே நிறுத்தித் தீட்டுக.

அறுக்கும் முறை

முதலில் மரத்தின் பட்டையை நீக்கி மண்ணைத் துடைக்க வேண்டும். மணல் ஒரு நிமிஷத்தில் சங்கிலியை மழுக்கிவிடும். நமது ஊர் மரங்களில் ஆணி, கொடிக்கம்பி, மாடு கட்டிய வளையம் முதலியன உள்ளே புதைந்திருப்பது சகஜம். வீட்டோரம் நின்ற வேம்பில் இவற்றைத் தேடாமல் ரம்பம் வைக்கலாகாது. மரத்தில் நீலங்கலந்த கறுப்புக் கறை காணப்பட்டால் அங்கே இரும்பு உண்டென்று சந்தேகிக்க வேண்டும்.

பின்னர் மரத்தை இரண்டு குறுக்குக் கட்டைகளின்மீது ஏற்றி, உருளாதபடி ஆப்பு வைத்து நிறுத்துக. அறுத்துச் செல்லும் திசையில் சற்றே சரிவாக வைத்தால் கருவியின் பாரமே அதனை முன் செலுத்தும். கைகளுக்கு அலுப்புக் குறையும்.

முதல் அறுப்பே மற்ற அறுப்புக்களுக்கெல்லாம் அஸ்திவாரம். உருண்டையான மரத்தின்மேல் தண்டவாளம் நேராக ஊர இயலாது. ஆதலால் கோணலில்லாத கனத்த பலகையொன்றையோ அலுமினிய ஏணியையோ மரத்தின் முதுகில் ரசமட்டம் பார்த்துப் பொருத்திக்கொள்ள வேண்டும். இது மரத்தின் இரு முனைகளுக்கும் அப்பால் ஓரடி நீண்டிருத்தல் நலம். இன்றேல் தொடக்கத்திலும் முடிவிலும் பலகை கோணும். பொருத்தும் ஆணிகள் அலகு செல்லும் மட்டத்தைத் தொடாதபடி முன்னதாக அளந்துகொள்க. முதுகுப் பலகை நீங்கிய பின் கிடைத்த சமமான முகமே அடுத்த அறுப்புக்களுக்கு வழிகாட்டியாகிவிடும்.

அறுப்பு இரண்டு மூன்று அடி சென்றவுடன் பின்னால் உள்ள பிளவில் மர ஆப்புக்களைச் செருக வேண்டும். இல்லாவிடில் மேற்பலகை அமர்ந்து சங்கிலியைப் பிடித்துக்கொள்ளும். இயந்திரத்தை முழு வேகத்தில் ஓட்டுக. ஆனால் மரத்தினுள் மெதுவாகச் செலுத்துக. ஒரு பலகை முடிந்ததும் உடனே அணைக்காமல், சிறிது நேரம் வேகம் குறைத்து ஓடவிட்டு ஆறச் செய்க.

மரத்தின் நடுமையம் ஒரு பலகையின் நடுவில் அமைந்தால் அப்பலகை காயுங்கால் பெரும்பாலும் வெடிக்கும். ஆகையால் மையத்தின் வழியாகவே ஓர் அறுப்பு செல்லும்படியோ, மையமுள்ள பாகத்தைத் தனிச் சட்டமாக ஒதுக்கும்படியோ திட்டமிடுக. தென்னையில் விஷயம் வேறு. அதன் வெளிப்பாகமும் அடிப்பாகமுமே கெட்டியானவை. உட்பாகம் பஞ்சு போன்றது. ஆதலின் முதிர்ந்த தென்னையின் ஓரங்களைச் சட்டத்துக்கும் கைமரத்துக்கும் எடுத்துக்கொண்டு, உள்ளிருப்பதைப் பாரம் தாங்கும் வேலைக்கு உபயோகியாதிருக்க வேண்டும்.

லாப நஷ்டக் கணக்கு

மரம் விற்பதிலும் அறுப்பதிலும் கணக்கறியாதவர் ஏமாறுவது எளிது. வழக்கத்தில் உள்ள முறைப்படி, மரத்தின் நடுச்சுற்றளவை நான்கால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவர். நடுச்சுற்று 60 அங்குலமும் நீளம் 10 அடியும் உள்ள ஒரு மரத்தை எடுத்துக்கொள்வோம். நாலில் ஒரு பாகம் 15 அங்குலம். 15 ஐ 15 ஆல் பெருக்க 225. இதை 144 ஆல் வகுத்து 10 அடியால் பெருக்கினால் ஏறக்குறைய 15½ கன அடி. ஆனால் அம்மரத்தின் மெய்யான கன அளவு ஏறக்குறைய 20 கன அடியாகும். அறுப்பில் போகும் கழிவுக்காக ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே இக்கணக்கினுள் ஏற்கெனவே தள்ளப்பட்டிருக்கிறது. இதற்கு மேலும் கழிவு கேட்கும் வியாபாரியிடம் அங்கத்தினர்கள் இதை எடுத்துச் சொல்லலாம்.

சங்கிலி ரம்பத்துக்கும் ஒரு குறை உண்டு. அது சுமார் பதினாறில் ஐந்து பங்கு, அதாவது ஓர் அங்குலத்தை 16 பாகமாக்கினால் அதில் 5 பாகம், மரத்தைத் தூளாக்கிவிடும். ஓரங்குலப் பலகைகளாக அறுத்தால் மரத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு தூளாகும். இரண்டங்குலமாக அறுத்தால் ஏழில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகவே வீணாகும். ஆலையிலுள்ள நாடா ரம்பமோ இதில் மூன்றில் ஒரு பங்கு அளவே தூளாக்கும். ஆகவே நிலை, உத்தரம், கட்டில் சட்டம், பெஞ்சுப் பலகை போன்ற கனத்த மரங்களுக்கே இக்கருவி ஏற்றது. மெல்லிய பலகை வேண்டுவோரும், வண்டிப் பாதையோரத்தில் மரம் உள்ளவர்களும் ஆலைக்குச் செல்வதே சிக்கனம்.

உலர்த்துதல்

அறுத்த அன்றே பலகையின் இரு முனைகளிலும் பழைய எண்ணெய்ப் பெயிண்டோ உருக்கிய மெழுகோ பூசுக. முனை வழியே ஈரம் விரைந்து வெளியேறுவதால்தான் வெடிப்பு உண்டாகிறது. பின்னர்த் தரையினின்று ஒன்றரை அடி உயரத்தில், வெயில் படாமல் காற்றோட்டமுள்ள கொட்டகையில் அடுக்குக. ஒவ்வொரு பலகைக்கும் இடையே ஓரங்குலக் குச்சிகளை இரண்டடிக்கு ஒன்றாக, மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்க்கோட்டில் வைக்க வேண்டும். மேலே கல்லை ஏற்றுக. ஒரு சிறு துண்டை மாதந்தோறும் நிறுத்துப் பார்த்து, எடை குறைவது நின்ற பிறகே தச்சரிடம் கொடுக்கலாம். அவசரப்பட்டுப் பச்சை மரத்தில் செய்த கதவு அடுத்த கோடையில் சுருங்கி, மழைக்காலத்தில் நிலையில் இறுகிக்கொள்ளும்.

மா மரத்தையும், எம்மரத்தின் வெளுப்பு பாகத்தையும் உளு எளிதில் துளைக்கும். வெண்காரம் ஒன்றரைப் பங்கும் போரிக் அமிலம் ஒரு பங்கும் கரைத்த நீரில் பச்சைப் பலகையை முக்கி, சில வாரம் மூடி வைத்துப் பின் உலர்த்தினால் உளு அண்டாது. இம்மருந்து மழையில் கரைந்துபோகுமாதலால், வீட்டினுள் உபயோகிக்கும் மரத்துக்கே உதவும்.

அபாயமும் சட்டமும்

இவ்வேலைக்கு வேஷ்டி ஆகாது; தோளில் துண்டும் ஆகாது. இறுக்கமான கால்சட்டை, கெட்டிப் பாதரட்சை, கையுறை, கண்ணாடி, காதடைப்பு, மூக்குத் துணி ஆகிய அனைத்தும் வேண்டும். அலகின் நுனி எதிலாவது மோதினால் ரம்பம் திடீரென்று பின்னோக்கி எகிறும். இதனால் உயிர்ச்சேதமும் நேரக்கூடும். தனியாக ஒருவர் இதை ஓட்டலாகாது. இயந்திரம் ஆறுமுன் பெட்ரோல் ஊற்றலாகாது. வேடிக்கை பார்க்கும் சிறுவர்களை அப்புறப்படுத்துவது ஓட்டுவோரின் பொறுப்பாகும். நாள் முழுதும் அதிர்வைத் தாங்கினால் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் நோய் வருமாதலின், இருவர் மாறிமாறி ஓட்டுதல் நலம்.

எளிதில் எடுத்துச் செல்லத்தக்க இக்கருவியே காட்டுத் திருட்டுக்கும் துணையாகக் கூடியது. அதனால்தான் கானா தேசத்தில் 1998 இல் வியாபாரத்துக்காக இவ்வாறு பலகை அறுப்பது தடுக்கப்பட்டது. பிலிப்பைன்ஸ் தேசத்தில் 2002 இல் சங்கிலி ரம்பத்தைப் பதிவு செய்யவேண்டுமென்று சட்டம் வந்தது. நம் தேசத்திலும் 1996 டிசம்பர் 12 இல் உச்ச நீதிமன்றம், காடுகளுக்குள் மத்திய சர்க்காரின் முன் அனுமதியின்றி மர ஆலைகள் நடத்தலாகாதென உத்தரவிட்டது. சந்தனம் முதலிய மரங்களுக்கும் மலைப்பகுதி மரங்களுக்கும் தனிச் சட்டங்கள் உள. ஆகவே மரம் பட்டா நிலத்திலுள்ளதா, புறம்போக்கிலுள்ளதா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடமும், வெட்டவும் அறுக்கவும் கொண்டு செல்லவும் அனுமதி வேண்டுமா என்பதை வனத்துறை அலுவலகத்திலும் எழுத்து மூலமாகக் கேட்டறிந்த பிறகே ரம்பத்தை எடுக்க வேண்டும். பின்னால் அபராதம் கட்டுவதைவிட முன்னால் ஒரு நாள் நடப்பது மேல்.

சங்கம் செய்யத் தக்கது

வருஷத்தில் ஒன்றிரண்டு மரம் அறுக்க ஒவ்வொருவரும் இக்கருவியை வாங்குதல் வீண் செலவு. அதற்காகக் கடன்படுதல் அதனினும் பிழை. சங்கம் ஒன்றை வாங்கி, பயிற்சி பெற்ற இருவரை மட்டும் ஓட்டச்செய்து, அறுத்த சதுர அடிக்கு இவ்வளவு என்று அங்கத்தினர்களிடம் கூலி பெறலாம். அக்கூலியில் பெட்ரோல், சங்கிலித் தேய்மானம், ஓட்டுவோரின் சம்பளம், இயந்திரத்தின் பழுது நிதி ஆகிய நான்கும் அடங்கியிருக்க வேண்டும். பழுது நிதியை ஒதுக்காமல் கூலியை மட்டும் மலிவாக்கினால், மூன்றாம் வருஷம் துருப்பிடித்த இயந்திரமே மிஞ்சும். ஒவ்வொரு மரத்துக்கும் யாருடையது, எந்நிலத்தது, அனுமதி எண் யாது, கிடைத்த பலகை எவ்வளவு என்று ஒரு புத்தகத்தில் பதிந்து வருக. அப்புத்தகம் சங்கத்துக்குக் கணக்காகவும், அங்கத்தினருக்குப் பாதுகாப்பாகவும் இருக்கும்.

அடுத்த புயல் எப்போது வருமென்று சொல்ல இயலாது. வருமுன் அனுமதி முறைகளை அறிந்து, ஆட்களைப் பழக்கி, உலர்த்தும் கொட்டகையைக் கட்டி வைத்துள்ள சங்கத்தின் அங்கத்தினருக்கு, வீழ்ந்த பலா மரம் விறகாகாமல் மகளின் கலியாணக் கட்டிலாகவும் வீட்டின் நிலைக்கதவாகவும் நிற்கும். அறுத்த ஒவ்வொரு மரத்துக்கும் ஈடாக இரண்டு கன்றுகளை அவ்விடத்திலேயே நட வேண்டும் என்பதையும் சங்கம் ஒரு தீர்மானமாக நிறைவேற்றி வைத்தல் நலம்.